கார் சிம்முக்குச் சந்தா கட்டுவதா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டே போதுமா?

நான்காம் கியர்:
மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எங்கள் காரில் உற்பத்தியாளரே பொருத்தித் தந்த இ-சிம் (உள்ளேயே பதித்த சிம்) இருக்கிறது. அதன் இலவசக் காலம் இம்மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லித் தினமும் காலையில் திரையில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. எங்கள் தேவை பெரிதல்ல. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் எட்டு மணி நேரமும் முன்னால் பாட்டும், பின்னிருக்கையில் பிள்ளைகள் இருவருக்கும் டேப்லெட்டில் படமும் தடையில்லாமல் ஓட வேண்டும். சந்தாவைப் புதுப்பிப்பதா, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலேயே சமாளிப்பதா, தனியாக வைஃபை டாங்கிள் (தனிச் சிம் போட்டு வைஃபை தரும் சிறு கருவி) ஒன்று வாங்கிச் செருகிவிடுவதா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய டீசல்:
ஒரு ரூபாய் கூடக் கட்டாதீர்கள் ஐயா. உங்கள் சட்டைப்பையில் ஏற்கெனவே ஒரு சிம் இருக்கிறது, அதற்கு ஏற்கெனவே பணம் கட்டுகிறீர்கள். ஆப்பிள் கார்பிளே 2014-இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015-இலும் வந்ததன் காரணமே இதுதான்: திரை மட்டும் காருடையது, செயலியும் தரவும் கைப்பேசியுடையவை. கைப்பேசியை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம், காரைப் பத்து ஆண்டு வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, காருக்குள் புதைத்து வைத்த மோடத்தை (கோபுரத்தோடு இணைக்கும் கருவியை) நம்பிச் சந்தா கட்டுவது பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் புது ஆண்டெனா வாங்குவது போன்றது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் 2022 பிப்ரவரியில் 3ஜி சேவையை நிறுத்தியபோது, நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கார்களின் இணைய வசதி ஒரே நாளில் செத்துப்போனது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, மோடத்துக்குத்தான் காலம் முடிந்துவிட்டது.

மலைப்பாதை:
பழைய டீசல் அவர்கள் தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவர் என்று நினைக்கிறேன். கேட்டவரோ இரண்டு பிள்ளைகளுக்குப் படம் காட்ட வேண்டியவர். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 160 கிலோபிட் தரத்தில் பாட்டுக் கேட்டால் மணிக்கு 72 எம்பி செலவாகும், எட்டு மணி நேரத்துக்கு 600 எம்பி கூட ஆகாது. படம் அப்படியல்ல. நடுத்தரத்தில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 0.7 ஜிபி, டேப்லெட் இரண்டென்றால் 1.4 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம் ஒன்றரை மணி நேரம் கூடத் தாங்காது. தாம்பரத்தில் தொடங்கிய படம் மேல்மருவத்தூரைத் தாண்டும்போது வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். அதன்பின் கிடைப்பது 64 கிலோபிட் வேகம். அந்த வேகத்தில் முன்னால் ஓடும் பாட்டே ஓடாது. மீதி ஆறரை மணி நேரம் பின்னிருக்கையில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கைப்பேசி படும் பாடு. போன சித்திரையில் திருச்சியைத் தாண்டி மதிய வெயிலில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியோரம் மாட்டிய கைப்பேசியில் வழிகாட்டி ஓடுகிறது, ஹாட்ஸ்பாட் ஓடுகிறது, சார்ஜும் ஏறுகிறது. துவரங்குறிச்சிக்கு முன்பே வெப்ப எச்சரிக்கை வந்து சார்ஜ் ஏறுவது நின்றது, பிறகு திரை மங்கியது, கடைசியில் வழியும் போயிற்று, படமும் போயிற்று. குளிர்காற்று வரும் துளைக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே என் மனைவி மேலூர் வரை வந்தார். அதனால்தான் கார் சிம் சந்தாவையே புதுப்பியுங்கள் என்கிறேன்.

பழைய டீசல்:
நாளொன்றுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களில் ஜியோவும் ஏர்டெலும் 5ஜியை அளவில்லாமல் தருகின்றனவே, அதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

சிக்னல் கம்பம்:
இரண்டு பேருமே ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள் என்பதால் குறுக்கிடுகிறேன். எனக்குக் கைப்பேசிக் கோபுரங்களோடுதான் பிழைப்பு.

அளவில்லாத் தரவு என்பது 5ஜியில் இருக்கும்வரை மட்டுமே. ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையில் கைப்பேசி 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து செலவு முழுவதும் அன்றைய 2 ஜிபியில் கழிகிறது. எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்பதை ஓட்டுகிறவர் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மலைப்பாதை அவர்களின் கணக்கு நெடுஞ்சாலைக்குச் சரி, நகரத்துக்குச் சரியல்ல.

ஆனால் அவர் பரிந்துரைக்கும் கார் சிம்மில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் கார்களில் வருபவை பெரும்பாலும் எம்2எம் வகைச் சிம்கள், அதாவது எந்திரமும் எந்திரமும் பேசிக்கொள்வதற்கானவை. 2018 ஜூலை முதல் இவ்வகைப் புதிய இணைப்புகளுக்குப் பதின்மூன்று இலக்க எண் தருகிறார்கள். தொலைத்தொடர்புத் துறை அதே ஆண்டு மே மாதம் வெளியிட்ட விதிமுறைகள், இச்சிம்மிலிருந்து எந்த எண்ணுக்கு அழைக்கலாம், தரவு எந்த முகவரிக்குப் போகலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே வரையறுக்கச் சொல்லின. கார் எங்கே நிற்கிறது என்று சொல்வது, ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் உதவி மையத்தை அழைப்பது, வீட்டிலிருந்தபடியே குளிர்சாதனத்தை இயக்குவது, இவற்றுக்குப் போதுமான சிம் அது. திரையிலேயே வரும் பாட்டுச் செயலியும் ஓடலாம். பின்னிருக்கை டேப்லெட்டுக்கு வைஃபை கொடுக்குமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். பல வண்டிகளில் கொடுக்காது. எனவே கேள்வி கேட்டவர் சந்தாவைப் பற்றி யோசிக்கும் முன், தன் காரின் அமைப்புப் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் என்ற தெரிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

மலைப்பாதை:
ஒப்புக்கொள்கிறேன், அதை நான் சொல்லியிருக்க வேண்டும். என் வண்டியில் ஹாட்ஸ்பாட் வருகிறது. எல்லா வண்டியிலும் வரும் என்று எண்ணிவிட்டேன். ஆனாலும் கார் சிம்முக்குச் சாதகமாக ஆண்டெனா என்ற ஒன்று இருக்கிறது. கார் என்பது தகர டப்பா. அதற்குள் இருக்கும் கைப்பேசிக்குச் சிக்னல் கண்ணாடி வழியாகத்தான் வர வேண்டும். வெயிலைத் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடியாக இருந்தால் அதிலும் கொஞ்சம் குறையும். கார் மோடத்தின் ஆண்டெனாவோ கூரையில் வெளியே இருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் கைப்பேசி இரண்டு மூன்று வளைவுக்குள் கைவிட்டுவிட, கார் இணைப்பு ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் காட்சிமுனை வரை தொடர்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் கம்பம்:
கூரை ஆண்டெனா நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கூரையில் சுறாத் துடுப்பு போன்ற ஆண்டெனா உறை தெரிவதாலேயே அதற்குள் மோடத்தின் ஆண்டெனா இருக்கிறது என்று பொருளல்ல. சில வண்டிகளில் அது வானொலிக்கு மட்டும், சிலவற்றில் வெறும் அழகுக்கு. தவிர, உங்கள் கைப்பேசியும் கார் சிம்மும் ஒரே நிறுவனத்துடையவையா? இல்லையென்றால் நீங்கள் ஒப்பிட்டது ஆண்டெனாவை அல்ல, கோபுரங்களை. மலையில் எந்த நிறுவனத்தின் கோபுரம் எந்தச் சரிவைப் பார்த்து நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கைப்பேசியில் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளலாம், இரண்டு சிம் போட்டுக்கொள்ளலாம். கார் சிம்மில் உற்பத்தியாளர் யாரோடு ஒப்பந்தம் போட்டாரோ அவரோடுதான் ஆயுள் முழுக்கக் குடித்தனம்.

டாங்கிள் பற்றியும் கேட்டிருந்தார். யூஎஸ்பி துளையில் செருகும் வகை பரவாயில்லை, தேநீர்க் கடையில் எஞ்சினை அணைத்து எழுப்பும்போதெல்லாம் அதுவும் புதிதாகத் தொடங்க ஒரு நிமிடம் எடுக்கும், அவ்வளவே. பேட்டரியுள்ள கையடக்கப் பெட்டியை மட்டும் முகப்புப் பலகையில் விட்டுவிட்டு வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள். என் நண்பர் ஒருவருடையது உப்பி, மூடி தானாகவே திறந்துகொண்டது.

பழைய டீசல்:
ஆக, கைப்பேசி சூடாகிறது, டாங்கிள் உப்புகிறது, கார் சிம் பேசுவதற்கே அனுமதி கேட்கிறது. இதற்கெல்லாம் மாற்றாக நான் ஆறு ஆண்டுகளாகச் செய்துவருவதைச் சொல்கிறேன். கிளம்பும் முதல் நாள் இரவு வீட்டு வைஃபையில் படங்களையும் பாட்டுகளையும் இறக்கி வைத்துவிடுகிறேன். கோபுரமும் வேண்டாம், கோட்டாவும் வேண்டாம். வழிகாட்டிக்கும் அழைப்புக்கும் கைப்பேசித் தரவு தாராளமாகப் போதும்.

மலைப்பாதை:
இறக்கி வைத்த படங்களில் சில, பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். போகும்போது பாதி பார்த்த படத்தை மூன்றாம் நாள் திரும்பும்போது தொடர முடியாமல் என் மகன் செய்த ரகளை எனக்குத்தான் தெரியும். கிரிக்கெட் நேரலையை எப்படி இறக்கி வைப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

பழைய டீசல்:
நேரலைக்கு வானொலி இருக்கிறது ஐயா.

நான்காம் கியர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு வண்டியில் உட்கார்ந்து அமைப்புப் பக்கம் முழுவதையும் தேடிவிட்டேன். ஹாட்ஸ்பாட் என்ற சொல்லே அதில் இல்லை. சேவை மையத்தைக் கேட்டபோதும், சந்தாவில் வருவது இருப்பிடம் காட்டுவதும் உதவி அழைப்பும் திரையிலுள்ள பாட்டுச் செயலியும் மட்டுமே என்றார்கள். ஆகவே படத்துக்காகக் கட்டுவதாக இருந்த பணம் மிச்சம். ஆனால் இரவில் என் மனைவி தனியாக ஓட்டிவரும் நாட்கள் உண்டு. அந்த உதவிப் பொத்தானுக்காக ஓராண்டுக்கு மட்டும் புதுப்பித்திருக்கிறேன். பழைய டீசல் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

படங்களுக்கு அவர் வழிதான். இப்போது இரண்டு டேப்லெட்டுகளிலும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் இடம் போதவில்லை என்று காட்டுகிறது. எதை அழிப்பது என்று பிள்ளைகள் இருவரும் அடுத்த அறையில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய டீசல்:
உதவிப் பொத்தானுக்குக் கட்டியதில் எனக்கு மறுப்பில்லை. ஒருமுறை வண்டி நின்றிருக்கும்போது அழுத்திப் பார்த்து, எதிர்முனையில் தமிழில் பேசுகிறார்களா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.