இடைக்கண்டத்தில் கழித்தல் குறி: இது சின்னப் பிழையா?

புதுவயல் ஆச்சி: என் மகன் பத்தாவது. அவனுடைய கணக்குக் கைடில் கூம்பின் இடைக்கண்டத்துக்கு (நுனியை வெட்டிய கூம்பு, வாளி மாதிரி) கன அளவுச் சூத்திரம் தப்பு. இரண்டு ஆரங்களின் வர்க்கங்களோடு ஆரங்களின் பெருக்கற்பலனைக் கூட்ட வேண்டும். இதில் கழிக்கச் சொல்கிறது. நேற்று இங்கே ஒருவர், "அச்சுப்பிழை இல்லாத கைடு எது? விடை சரியாக இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

தேவகோட்டைக்காரன்: எழுதியது நான்தான் ஆச்சி. இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். உயரம் 45, ஆரங்கள் 28, 7. விடை 48,510 கன செ.மீ. கைடிலும் அதேதான் இருக்கிறது.

காரைக்குடி டியூஷன்: அந்தச் சூத்திரத்தை நம்பிப் போட்டால் 30,030 வரும். பிள்ளை கைடைச் சந்தேகப்படாது, தன் பெருக்கலைத்தான் சந்தேகப்படும். என்னிடம் படிக்கிற பெண் நாலு தடவை அழித்து அழித்துப் போட்டுவிட்டு அழுதாள்.

தேவகோட்டைக்காரன்: சரிபார்க்கச் சொல்லிக் கொடுக்காதது யார் தப்பு? சின்ன ஆரத்தைப் பூஜ்யமாக்கினால் கூம்பு வர வேண்டும். போட்டுப் பார்த்தேன், வருகிறது.

காரைக்குடி டியூஷன்: பூஜ்யம் போட்டால் அந்தப் பெருக்கற்பலனே போய்விடுமே! கூட்டினாலும் கழித்தாலும் கூம்புதான் வரும். இரண்டு ஆரத்தையும் சமமாக வையுங்கள். உருளை வர வேண்டும். இந்தச் சூத்திரத்தில் உருளையின் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது.

தேவகோட்டைக்காரன்: கூம்பு வருகிறதா, இல்லையா?

பழைய பேரேடு: எங்கள் பாட்டையா ரங்கூனில் கணக்கு எழுதியவர். ஐந்தொகையில் (வரவு, பற்று, சொத்து, கடன் எல்லாம் சரிக்கட்டும் ஆண்டுக் கணக்கில்) ஓரணா உதைத்தால் இலையில் உட்கார மாட்டாராம். செட்டிநாட்டில் இருந்துகொண்டு குறி மாறினால் என்ன என்று கேட்பது கேவலம்.

தேவகோட்டைக்காரன்: பெருமைக்குக் குறைச்சலில்லை. 1948-இல் பர்மாவில் செட்டியார்கள் வைத்திருந்த நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டார்களே, ஐந்தொகையா காப்பாற்றியது?

பழைய பேரேடு: அது சட்டம் போட்டுப் பறித்தது. கணக்குத் தப்பியதில்லை. எங்கள் வீட்டைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி?

புதுவயல் ஆச்சி: பர்மாவை விடுங்கள். பதிப்பகத்துக்குப் போன் போட்டால், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்கிறார்கள். பரீட்சை அதுவரைக்கும் காத்திருக்குமா?

காரைக்குடி டியூஷன்: அரசுப் பாடநூலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சூத்திரத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள் ஆச்சி. தப்பைச் சிவப்பு மையில் அடித்து, சரியானதைக் கைடிலேயே எழுதட்டும். அஞ்சு மதிப்பெண் கணக்கில் சூத்திர வரிக்கும் மதிப்பெண் உண்டு. போன மாதமே கைடை மட்டும் நம்பாதீர்கள் என்று எழுதினேன். தேவகோட்டை அண்ணன்தான், டியூஷனுக்கு ஆள் பிடிக்கிறேன் என்றார். நான் அதை மறக்கவில்லை.

தேவகோட்டைக்காரன்: ஆள் பிடிப்பதுதானே? என் தம்பி மகன் இதே கைடில் படித்து 96 வாங்கினான்.

காரைக்குடி டியூஷன்: அவனிடமே கேளுங்கள், கூட்டலா கழித்தலா என்று.

தேவகோட்டைக்காரன்: கேட்க வேண்டியதில்லை. கூம்பு வருகிறது.

காரைக்குடி டியூஷன்: உருளை வரவில்லை!