சிகாகோவில் முதல் செயின்ட் பேட்ரிக் நாள்: பச்சை ஆறா, வெஸ்டர்ன் அவென்யூவா?

புதுக்குடி:
அயோவாவில் ஒரு சின்ன ஊரில் நான்கு வருடம் இருந்துவிட்டு, இந்த ஜனவரியில்தான் சிகாகோ புறநகரான நேப்பர்வில்லுக்குக் குடிவந்தோம். அங்கே அயர்லாந்து வழிவந்த ஐரிஷ்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் நாள் என்றால் மார்ச் 17 அன்று பிள்ளைகளுக்குப் பச்சைச் சட்டை போட்டுப் பள்ளிக்கு அனுப்புவதோடு சரி. இங்கே சிகாகோ ஆற்றையே பச்சையாக்குவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என் ஏழு வயது மகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மகனுக்கு மூன்று வயது. ஒரு நாள்தான் போக முடியும். சனிக்கிழமை ஆற்றுக்குப் போவதா, ஞாயிற்றுக்கிழமை நகரின் தென்பகுதியில் நடக்கும் சவுத் சைடு ஐரிஷ் ஊர்வலத்துக்குப் போவதா?

பெவர்லிக்காரன்:
ஆறு வேண்டாம். பதினோரு வருடம் முன்பு, நான் வந்த முதல் மார்ச்சில் அங்கேதான் போனேன். எட்டரை மணிக்கே தோளோடு தோள் உரசும் கூட்டம். என் பையன் அன்று பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். பத்து மணிக்குச் சாயம் போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் ஆறு பச்சையானது, எல்லோரும் படம் எடுத்தார்கள், கலைந்தார்கள். பதினொரு மணிக்கெல்லாம் நடைபாதையில் தள்ளாடும் இளவட்டங்களுக்கு நடுவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு ஓட வேண்டியதாயிற்று.

சவுத் சைடு ஊர்வலம் எங்கள் பெவர்லி பக்கம் வெஸ்டர்ன் அவென்யூவில், 103ஆம் தெருவிலிருந்து 115ஆம் தெரு வரை போகும். 1979இல் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் கூடித் தங்கள் தெருவைச் சுற்றி வந்ததில் ஆரம்பித்தது அது. இன்றைக்கும் தாத்தா பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஊர்வலத்தில் வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பண்டிகை என்றால் எனக்கு அதுதான்.

ஆற்றங்கரை:
பெவர்லிக்காரர் ஒன்றை விட்டுவிட்டார். அதே சவுத் சைடு ஊர்வலம் குடிவெறியும் அடிதடியும் மிஞ்சிப்போய் 2009க்குப் பிறகு நிறுத்தப்பட்டது. 2012இல்தான் திரும்ப வந்தது. அப்படியிருக்கக் குடியை டவுன்டவுன் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

எனக்கு வருத்தம் தருவது வேறு. ஆற்றுக்குச் சாயம் போடுவதை ஏதோ சுற்றுலா வேடிக்கை மாதிரி பேசுகிறோம். அதைச் செய்கிறவர்கள் பிளம்பர்கள். லோக்கல் 130 என்ற அவர்களுடைய தொழிற்சங்கம் 1962இலிருந்து செய்துவருகிறது. எந்தக் கட்டடத்தின் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அவர்கள் குழாயில் ஒரு சாயத்தை விடுவார்கள். வேலை முடிந்து வந்த ஒருவரின் உடுப்பில் திட்டுத் திட்டாகப் பச்சை. அதைப் பார்த்த சங்கத் தலைவர் ஸ்டீபன் பெய்லிக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். முதல் வருடம் 100 பவுண்டு சாயம் போட்டுவிட்டார்கள், ஆறு ஒரு வாரம் பச்சையாகவே கிடந்தது. இப்போது 40 பவுண்டு அளவில்தான் போடுகிறார்கள்.

உங்கள் மகள் பார்க்க வேண்டியது இதுதான்: படகில் நிற்கிறவர்கள் கையில் சமையலறையில் மாவு சலிக்கிற சல்லடை இருக்கும். அதிலிருந்து விழுகிற பொடி ஆரஞ்சு நிறம். தண்ணீரில் பட்டுப் படகு கலக்கக் கலக்கப் பச்சையாகும். ஏழு வயதில் இதை நேரில் பார்த்த பிள்ளை மறக்காது.

நீர்வழி:
மூன்றாவதாக ஒரு தரப்பும் இருக்கட்டும். 1966 வாக்கில் பழைய சாயத்தை விட்டுவிட்டுத் தாவரச் சாயத்துக்கு மாறினார்கள், சரி. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை வெளியே சொல்வதில்லை. ஒரு காலத்தில் சாக்கடையாகக் கிடந்த ஆறு அது. இப்போது மீனும் ஆமையும் வாழ்கின்றன, நான் கோடையில் அதில் கயாக் ஓட்டுகிறேன். அதற்கு வண்ணம் அடித்துக் கைதட்டப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆற்றங்கரை:
உங்கள் கவலை புரிகிறது. சேர்மானத்தை வெளியிட வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த ஆற்றோடு ஐரிஷ்காரர்களுக்கு இருக்கும் உறவையும் நினைத்துப் பாருங்கள். 1836 முதல் 1848 வரை இந்த ஆற்றிலிருந்து இல்லினாய் மிச்சிகன் கால்வாயை வெட்டியதில் பெரும்பங்கு அவர்களுடையது. அந்தக் கூலிக்காரர்கள் குடியேறிய பிரிட்ஜ்போர்ட் இந்த ஆற்றின் தென்கிளைக் கரையில்தான் இருக்கிறது. அவர்கள் வழிவந்தவர்கள் கொண்டாட ஆற்றங்கரைக்கு வருவதில் என்ன தப்பு?

பெவர்லிக்காரன்:
2009 பற்றிச் சொன்னது உண்மை, நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதுதான் என் வாதமும். தெரு கெட்டுப்போனது என்று தெரிந்ததும் ஊர்க்காரர்களே நிறுத்தினார்கள். தெருவில் குடித்தால் விடமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தொடங்கினார்கள். டவுன்டவுனில் அப்படி நிறுத்த யார் இருக்கிறார்கள்? வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருவில் வசிக்கிறவர்களே இல்லை.

லிஃபி:
டப்ளினில் ஆறு வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. எது அசல் என்ற சண்டையை விடுங்கள். அயர்லாந்தில் இது தேவாலயத் திருநாளாக இருந்தது. 1903இல்தான் பொது விடுமுறை ஆனது. பிறகு பல பத்தாண்டுகள் அன்று மதுக்கடைகளைச் சட்டப்படி மூடியே வைத்திருந்தார்கள். டப்ளினில் இப்போது நடக்கும் பெரிய விழா 1996இல் தொடங்கியது. நியூயார்க்கிலோ 1762லேயே ஊர்வலம் போய்விட்டார்கள், அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கு முன்பே. ஊரை விட்டு வந்தவர்கள்தான் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஆகவே ஆறும் அசல், வெஸ்டர்ன் அவென்யூவும் அசல்.

நேப்பர்வில்லிலிருந்து மெட்ரா ரயில் யூனியன் ஸ்டேஷனில்தான் வந்து நிற்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் மேற்கே நடந்தால் ஆடம்ஸ் தெருவில் ஓல்டு செயின்ட் பேட்ரிக்ஸ் தேவாலயம். 1856இல் கட்டியது, 1871 பெருந்தீயில் தப்பியது. திரும்பும்போது எட்டிப் பாருங்கள்.

புதுக்குடி:
எல்லோருக்கும் நன்றி. நீர்வழி சொன்னதை மகளிடம் சொன்னேன். ‘மீனுக்குக் கண் எரியுமா?’ என்று கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனாலும் சல்லடையைப் பற்றிப் படித்துக் காட்டியதும் அவள் முடிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை ஆற்றுக்கு மகளும் நானும் மட்டும் போகிறோம். மகன் அப்பாவோடு வீட்டில். 12.15க்கு கொலம்பஸ் டிரைவில் டவுன்டவுன் ஊர்வலம் தொடங்கும் முன்பே கிளம்பிவிடுவோம். பெவர்லிக்காரர் அண்ணா, அடுத்த வருடம் நான்கு பேரும் உங்கள் பக்கம்.

பெவர்லிக்காரன்:
என் கருத்து மாறவில்லை, ஆனால் போவதென்று முடிவானால் ஒழுங்காகப் போய் வாருங்கள். அன்று மெட்ராவில் மதுபானம் கொண்டுவர அனுமதி இல்லை, காலை ரயில் தொந்தரவாக இருக்காது. எட்டு மணிக்கு அப்பர் வேக்கர் டிரைவில், தடுப்புக் கம்பியை ஒட்டி இடம் பிடியுங்கள். காற்று ஊசியாகக் குத்தும், கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணி ஆகிறபோது மகளைக் கம்பிக்கு முன்னால் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். என் பையனுக்கு நான் செய்யாமல் விட்டது அதுதான்.