வெள்ளவத்தை – கல்கிசை கடலடி அளவீடு: குறுக்குக் கோடுகள் ஒத்துவரவில்லை, கிராப்பில் மணல் ஏறவில்லை

கரையோரம்:
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. 4 முதல் 12 மீட்டர் ஆழம் வரை 200 கிலோஹேர்ட்ஸ் எக்கோ சவுண்டரால் (ஒலியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தால் ஆழம் சொல்லும் கருவி) அளந்தோம். சின்ன ஃபைபர் வள்ளம். கரைக்குச் செங்குத்தான கோடுகள் ஒருநாள் காலை, குறுக்குக் கோடுகள் வேறொருநாள் பின்னேரம். வெட்டுமிடங்களில் ஆழம் 25 சென்டிமீட்டர் வித்தியாசப்படுது. வற்றுப்பெருக்குத் திருத்தம் போட்டால் குறையாமல் 45க்குப் போகுது. கருவியில் ஒலிவேகம் செக்கனுக்கு 1500 மீட்டரில் கிடக்கு, அதுதான் காரணமா? கடலடி மணலை அள்ள கயிற்றில் இறக்கும் வான் வீன் கிராப்பும் (தரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு மூடும் இரட்டைத் தாடை) பாதி இடங்களில் வெறுமையாக வருது.

நங்கூரம்:
ஒலிவேகம் பிழைதான், ஆனால் இந்த வித்தியாசத்துக்கு அது காரணமில்லை. இரண்டு நாளும் 1500 என்றால் இரண்டு கோடும் ஒரே அளவால் பிழைக்கும். வெட்டுமிடத்தில் அது தெரியவே தெரியாது. அதனால்தான் ஆபத்து. 29 பாகை வெப்பமும் 34 உப்புத்தன்மையும் உள்ள நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் போகும். 10 மீட்டர் ஆழத்தை உங்கள் கருவி 26 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டியிருக்கும். ஒரு இரும்புத் தட்டை அடையாளமிட்ட சங்கிலியில் கட்டி, ட்ரான்ஸ்டியூசருக்கு (ஒலியை அனுப்பி வாங்கும் பகுதி) நேர்கீழே 2, 4, 6 மீட்டரில் பிடித்துப் பாருங்கள். எல்லா ஆழத்திலும் ஒரே வித்தியாசம் என்றால் ட்ரான்ஸ்டியூசர் அமிழ்ந்திருக்கும் ஆழத்தைப் பிழையாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஆழத்தோடு வித்தியாசம் கூடினால் ஒலிவேகம்.

திருத்தம் போட்டதும் கூடுது என்றால் நேரத்தைப் பாருங்கள். நீர்மட்டத் தரவை எங்கே எடுத்தீர்கள்?

கரையோரம்:
ஐஓசி (யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம்) கடல்மட்டத் தளத்தில் கொழும்பு நிலையம். சவுண்டர் பதிவு இலங்கை நேரத்தில் இருக்கு.

நங்கூரம்:
அப்போ அதுதான். அந்தத் தளம் யூடிசி நேரத்தில் (உலகப் பொது நேரம்) தருது, 5 மணி 30 நிமிடம் கூட்டவேண்டும். எங்கள் கரையில் பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஐந்தரை மணி தவறினால் கிட்டத்தட்ட அரைச் சுற்று. பெருக்கு இருந்த இடத்தில் வற்றைக் கழிக்கிறீர்கள். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரும் இல்லை என்று பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் மணல் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பவருக்கு அதுவே பெரிய தொகை. இன்னொன்று, அந்தப் பதிவின் பூச்சியம் கடல் வரைபடத்தின் பூச்சியம் (ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டம்) அல்ல. இரண்டு நாளையும் ஒப்பிடப் போதும், உண்மை ஆழம் சொல்ல இன்னும் ஒரு மாறிலி தேவை.

மணற்பார்:
கிராப் பற்றி நான் சொல்கிறேன். வெறுமையாக வர மூன்று காரணம் இருக்கு. எழும்பும் அலையில் கயிறு ஒரு கணம் தளர்ந்தால் கொக்கி நடுநீரிலேயே விடுபடும். கடைசி 2 மீட்டரை மெதுவாக, கயிறு இறுக்கமாக இருக்க இறக்குங்கள். இறுகின நுண்மணலில் பல் இறங்காது. இரு பக்கமும் ஈயக்கட்டி ஏற்றுங்கள். மூன்றாவது, பார் எனும் கடலடிப் பாறை. இந்தக் கரையில் கரைக்குச் சமாந்தரமாக மணற்கல் பார் ஓடுது. மூன்று முறை வெறுமை என்றால் "கடினத் தரை" என்று எழுதுங்கள். சத்தமில்லாமல் புள்ளியை நகர்த்தி மணல் தேடாதீர்கள், வரைபடத்தில் பார் காணாமல் போய்விடும்.

வெறுமையைவிட மோசம், வாய்க்குள் ஒரு சிப்பித் துண்டு சிக்கிப் பாதி வருவது. மேலே வரும்வரை நுண்மணல் கழுவுப்பட்டுப் போகும், மிச்சத்தை அரித்தால் பருமணல் என்று முடிவு வரும். அப்படி வந்ததைக் கொட்டிவிடுங்கள். நல்ல மாதிரியில் மேல்நீர் தெளிவாக நிற்கும், மேற்பரப்பு குலையாமல் இருக்கும். மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். நன்னீரில் உப்பைப் போக்கிக் காயவைத்து, கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து 100 கிராம் எடுத்து, 2 மில்லிமீட்டரிலிருந்து 63 மைக்ரோன் வரை அரைஃபை இடைவெளியில் (ஃபை என்பது மணற்பருமன் அளவுகோல்) அடுக்கிய அரிதட்டுகளில் 15 நிமிடம் குலுக்குங்கள். நன்னீர் ஊற்றும்போது நுண்துகள் போகாமல் நீரைத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் வடியுங்கள். கல்கிசைக் கரையில் 2020இல் கடலடி மணலைக் கொட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மாதிரியைக் கலவையாக நினைத்துத் தனியாக வைத்துப் பாருங்கள்.

கரையோரம்:
நேரம் திருத்தியதும் சமதரையில் 5 சென்டிமீட்டருக்கு வந்துட்டுது. பார் விளிம்பில் மட்டும் 20 நிற்குது.

நங்கூரம்:
சரிவில் மட்டும் என்றால் ஜிபிஎஸ் பதிவு சவுண்டருக்குப் பின்தங்குது. 4 நொட் வேகத்தில் ஒரு செக்கன் தாமதம் 2 மீட்டர். 10க்கு 1 சரிவில் அதுவே 20 சென்டிமீட்டர். பார் விளிம்பைக் குறுக்கே கடக்கும் ஒரே கோட்டை, ஒரே வேகத்தில் போகவும் வரவும் ஓடுங்கள். விளிம்பு இரண்டு பதிவிலும் எத்தனை மீட்டர் விலகுதோ, அதை இரு வேகத்தின் (செக்கனுக்கு மீட்டரில்) கூட்டுத்தொகையால் வகுத்தால் தாமதம் செக்கனில் வரும். அதை மென்பொருளில் போட்டு எல்லாக் கோட்டின் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள்.