1650 டிகிரில வெயிட் மாறல, ஆனா மேல வெள்ளையா உரியுது, ஏன்?

வணக்கம். ஸிர்கோனியம் டைபோரைடுல (ரொம்ப அதிக சூடு தாங்குற செராமிக்) 20 சதவீதம் சிலிக்கான் கார்பைடு கலந்து ஹாட் பிரஸ் (சூட்டுல அழுத்தி இறுக்குறது) பண்ண சாம்பிள் வச்சு சாதா காத்துல டெஸ்ட் பண்ணிட்டு இருக்கேன். 1500ல ஒரு மணி நேரம் வச்சப்ப மேல பளபளனு கண்ணாடி மாதிரி வந்துச்சு, வெயிட் கொஞ்சம் கூடுச்சு. 1650ல வெயிட் கிட்டத்தட்ட அப்படியே இருக்கு, சரி ஆக்சிடேஷன் ஆகலன்னு நினைச்சேன், வெளிய எடுத்த கொஞ்ச நேரத்துல செதில் செதிலா உரியுது. அலுமினா தட்டுல வேற ஒட்டிக்கிச்சு. எங்க தப்பு பண்றேன்?

பதில் 1:
வெயிட்ட மட்டும் நம்பாதீங்க ப்ரோ. 100 கிராம் டைபோரைடு முழுசா ஆக்சிடைஸ் ஆனா 71 கிராம் ஆக்சிஜன் உள்ள போகும், ஆனா அப்படி ஆன மொத்த 171 கிராம்ல 62 கிராம் போரான் ஆக்சைடு, அது 450 டிகிரிலயே உருகி 1100க்கு மேல ஆவியாகி பறந்துடும், கடைசில மிஞ்சுறது 109 கிராம் ஸிர்கோனியா (ஸிர்கோனியம் ஆக்சைடு) தான். கூடுறதும் குறையுறதும் சேர்ந்து பேலன்ஸ்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி காட்டும். சாம்பிள வெட்டி குறுக்குவெட்டுல லேயர் தடிமன் அளங்க, அதான் உண்மை. வெட்டும்போது தண்ணி ஊத்தாதீங்க, மிச்சம் இருக்க போரான் ஆக்சைடு கரைஞ்சு போயிடும், எண்ணெய் யூஸ் பண்ணுங்க.

பதில் 2:
உரியறது ஸிர்கோனியா வேலை. அது 1170 டிகிரி வாக்குல படிக அமைப்ப மாத்திக்கும், ஆறும்போது பழையபடி திரும்புறப்ப 4-5 சதவீதம் வீங்கும், அதுல தோல் வெடிக்கும். மெதுவா இறக்குனா மாற்றம் நிக்காது, ஆனா சூட்டு அதிர்ச்சியாவது குறையும். தட்டு ஒட்டுனது சிலிக்காவும் (சிலிக்கான் கார்பைடு ஆக்சிடைஸ் ஆகி வர்ற அந்த கண்ணாடி) அலுமினாவும் 1600 கிட்ட சேர்ந்து உருகுறதால. சாம்பிள ஸிர்கோனியா முனை மேல லேசா தொடுற மாதிரி நிறுத்துங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. வெட்டிப் பாத்துட்டேன். வெள்ளை தோலுக்கு கீழ ஓட்டை ஓட்டையா ஒரு லேயர், அங்க சிலிக்கான் கார்பைடே காணோம். அது ஏன்?

பதில் 1:
கண்ணாடிக்கு அடியில ஆக்சிஜன் ரொம்ப கம்மி, அந்த நிலைல சிலிக்கான் கார்பைடு சிலிக்காவா மாறாம சிலிக்கான் மோனாக்சைடு வாயுவா கிளம்பிடும், மேல வந்து ஆக்சிஜன பாத்ததும் தான் சிலிக்கா ஆகும். மேல இருக்க கண்ணாடிக்கு இந்த லேயர் தான் தீனி போடுது. 1500 சாம்பிளையும் வெட்டுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு பாத்தா தெரிஞ்சிடும்.