1968-ல் தனுஷ்கோடியில் எந்தக் கப்பல் நின்றது?

பாம்பன்காரன்:
பக்கத்து இழையில் மதுரைவாசகி ஒரு நாவலைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கிறார். "பெண் தன்னைக் கண்டடையும் பயணம், குடும்ப ரகசியம் என்ற வகையில் தமிழுக்கு இதுதான் முன்மாதிரி, ராமநாதபுரக் கரையை இவ்வளவு உண்மையாக யாரும் எழுதவில்லை" என்கிறார். படிக்காதவர்களுக்காகக் கதை: சென்னையில் மணமுறிவான பேத்தி. இலங்கை மலையகத்திலிருந்து வந்த பாட்டி செத்துப்போகிறாள். பரணில் தகரப்பெட்டி, அதில் யாரோ ஒரு ஆணின் படம், ஒரு கப்பல் டிக்கெட். பேத்தி ராமேசுவரத்துக்கு ரயில் ஏறுகிறாள். பாட்டி ஒரு பிள்ளையை இலங்கையில் விட்டுவிட்டு வந்தவள் என்று தெரிகிறது. தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனையில் நின்று கடலைப் பார்த்ததும் தெளிவு வந்துவிடுகிறது.

அந்த டிக்கெட் "தலைமன்னார் – தனுஷ்கோடி, 1968". 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலே கடலுக்குள் போனது. அதற்கப்புறம் கப்பல் ராமேசுவரத்துக்குத்தான் வந்தது. 1968-ல் பாட்டி எங்கே இறங்கினாள்? மணல்திட்டிலா? இதுவா உண்மை?

மதுரைவாசகி:
வந்துவிட்டார்! நாவலில் ஒரு பெண் நாற்பது வருடத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் வாழ்ந்து செத்திருக்கிறாள். அண்ணனுக்கு அது கண்ணில் படவில்லை, டிக்கெட் பட்டிருக்கிறது. நாவல் என்ன ரயில்வே கால அட்டவணையா?

பாம்பன்காரன்:
டிக்கெட்டை வைத்துத்தான் ரகசியமே அவிழ்கிறது அம்மா. டிக்கெட் தப்பென்றால் ரகசியம் தப்பு, பயணமும் தப்பு. என் கேள்வி ஒன்றே ஒன்று. 1968-ல் தனுஷ்கோடியில் எந்தக் கப்பல் நின்றது?

நெய்தல்நிலா:
ஒரு சந்தேகம். "தன்னைக் கண்டடைவது" என்று இங்கே எதைச் சொல்கிறோம்? வேலையா, கல்யாணத்திலிருந்து விடுதலையா, வேறு எதுவா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசினால் நல்லது.

உப்புக்காற்று:
பாம்பன் அண்ணே, பழைய ஆட்கள் ராமேசுவரத்தில் இறங்கியதையும் தனுஷ்கோடி என்றுதான் சொல்வார்கள். எங்கள் அப்பத்தா கடைசி வரை அப்படித்தான் சொன்னது. பாட்டி வாய்க்கு அப்படி வந்திருக்கலாம்.

பாம்பன்காரன்:
தம்பி, பாட்டி வாயால் சொல்லவில்லை. அச்சடித்த டிக்கெட் என்று மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அப்பத்தா மாற்றிச் சொல்லும். டிக்கெட் மாற்றிச் சொல்லுமா?

மதுரைவாசகி:
பழைய டிக்கெட் மிச்சம் இருந்து, அதில் தேதி முத்திரை குத்திக் கொடுத்திருந்தால்?

பாம்பன்காரன்:
புயல் கழித்து நாலு வருடத்துக்கு மிச்சமா? அவ்வளவு டிக்கெட்டை அச்சடித்து வைத்துக்கொண்டு யாருக்காகக் காத்திருந்தார்களாம்? கப்பல் பெயரையாவது எழுதியிருக்கலாம். புயலுக்கு முன்னால் இர்வின், கோஷன். பின்னால் ராமேசுவரத்திலிருந்து ராமானுஜம். எங்கள் பக்கத்துப் பெரிசுகளிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் சொல்வார்கள். அதைக்கூடச் செய்யாமல் "கடலின் மௌனம்" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். எங்கள் கடல் எப்போது மௌனமாக இருந்தது?

கீழக்கரை மருமகள்:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு அந்த நாவலில் வேறு கோபம். மணமுறிவு, ரயில், கடல், தெளிவு. பெண் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினால்தான் தன்னைக் கண்டுபிடிப்பாளா? எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கடல் கடந்து சபர் போவதும் ஆண்கள்தான், முன்பு கொழும்பு, இப்போது துபாய். வீட்டின் ரகசியம் முழுக்க உம்மாமார் வயிற்றில் இருக்கிறது. ஒரு மகள் அதைத் தேட ரயில் ஏற வேண்டாம், அடுப்படிக்குப் போனால் போதும். அங்கே ஒரு கேள்வி கேட்டுவிட்டு அதே வீட்டில் இரவு சோறு சாப்பிடுவது இருக்கிறதே, அரிச்சல்முனைக்குப் போவதைவிட அது தூரம். அதை எழுதச் சொல்லுங்கள்.

மதுரைவாசகி:
அக்கா, நீங்கள் சொல்வது அருமையாக இருக்கிறது. ஆனால் அது வேறு வகை. இது பயண நாவல்.

கீழக்கரை மருமகள்:
வகையைப் பிரித்துக் கொடுப்பது நீங்களா?

பாம்பன்காரன்:
நல்ல கேள்வி. என் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை. கப்பல்?

மலையகத்தான்:
கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30. அதில் மலையகத் தோட்டத் தமிழர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் அண்ணன் இந்தியன், தங்கை இலங்கை. வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பிரித்து அனுப்பினார்கள். அந்தப் பாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்ததை நாவல் ஒரு காதல் ரகசியமாக்கிவிட்டது. டெல்லியிலும் கொழும்பிலும் உட்கார்ந்தவர்கள் பிரித்த பிள்ளை அது. அதைப் பேத்தி தெரிந்துகொண்டு "நானும் என் கணவனை விடலாம்" என்று தெளிவடைகிறாளாம். எனக்கு வயிறு எரிந்தது.

மதுரைவாசகி:
மன்னிக்கவும், ஆனால் பேத்திக்கு வரலாறு தெரியாது என்பதுதான் நாவலின் நோக்கமே. அவளுக்கு ஒப்பந்தம் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

மலையகத்தான்:
பேத்திக்குத் தெரிய வேண்டாம். எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாம்பன்காரன்:
கேட்டீர்களா! ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள் புயல். ஒப்பந்தக்காரர்கள் வரத் தொடங்கியபோது தனுஷ்கோடியில் ஜெட்டியே கிடையாது. தம்பியே சொல்லிவிட்டார்.

மலையகத்தான்:
அண்ணே, நான் சொன்னது கப்பலைப் பற்றி இல்லை.

பாம்பன்காரன்:
எல்லாம் கப்பலில்தான் வந்து முடிகிறது.

உப்புக்காற்று:
வேறொன்றும் இருக்கிறது. நாவல் நடப்பது 2015. பேத்தி ஆட்டோவில் நேராக அரிச்சல்முனைக்குப் போய் இறங்குகிறாள். அங்கே சாலை திறந்ததே 2017-ல். அதுவரை முகுந்தராயர் சத்திரத்தோடு சரி, அப்புறம் மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு வேன்தான்.

பாம்பன்காரன்:
அது சில்லறை. அதை அப்புறம் பார்க்கலாம்.

உப்புக்காற்று:
நீங்கள் கண்டுபிடித்தால் பிழை, நான் கண்டுபிடித்தால் சில்லறையா?

பாம்பன்காரன்:
சாலையை நகர்த்தினால் கதை நிற்கும். கப்பலை நகர்த்தினால் நிற்காது. இன்னொன்றும் சொல்கிறேன். அவள் போவது மார்கழியில். தென்பக்கம் ஆண்கடல் சீறுகிறது, வடபக்கம் பெண்கடல் கண்ணாடியாகக் கிடக்கிறது, நடுவில் அவள். மார்கழியில் வாடை அடிக்கும், வடபக்கம்தான் கொந்தளிக்கும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். ஆடியில் போயிருந்தால் அவர் எழுதியது சரி. பெண் என்றால் அமைதி, ஆண் என்றால் சீற்றம் என்று படத்துக்குத் தோதாக எழுதிவிட்டார். ஒரு வலைக்காரரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நெய்தல்நிலா:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பாசிக்காரி மகள்:
சின்னப்பாலம் நான். இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன். இந்த நாவலில் எங்கள் அம்மாமார் ஒரு வரியில் வருகிறார்கள்: "கடலில் குனிந்து எதையோ பொறுக்கும் பெண்கள்." எதையோ! பாசி. மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று கடற்பாசியில் வகை. சேலைக்கு மேல் ஆண் சட்டை, விரல் நுனியெல்லாம் துணி சுற்று, கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்ப் பாறையிலிருந்து பிய்த்துக்கொண்டு வரவேண்டும். துணி நனைந்து கழன்றால் விரல் கிழியும், அப்புறம் அந்த வாரம் முழுக்க குழம்பு பிசைந்து சாப்பிட முடியாது. தீவுப் பக்கம் போனால் தேசியப் பூங்கா என்று விரட்டுவார்கள். எங்களுக்குப் பயணம் தினமும்தான். யாருக்கும் தெளிவு வந்ததாகத் தெரியவில்லை, கூலி வந்தால் சரி.

மதுரைவாசகி:
தங்கச்சி, நீங்களே எழுதுங்களேன்.

பாசிக்காரி மகள்:
எழுதினால் "வட்டார நாவல்" என்று ஓரமாக அடுக்குவீர்கள். சென்னைக்காரி வந்து நின்றால் "முன்மாதிரி".

மதுரைவாசகி:
நான் அப்படிச் சொன்னேனா?

கீழக்கரை மருமகள்:
முதல் வரியிலேயே சொன்னீர்கள்.

தொண்டி தமிழாசான்:
எல்லோரும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிறீர்கள். மணிமேகலை என்ன? புகாரில் தூங்கியவளைத் தெய்வம் முப்பது யோசனை தெற்கே தூக்கிவந்து மணிபல்லவத்தில் வைக்கிறது. அங்கே புத்தரின் பாதபீடிகையைப் பார்த்ததும் போன பிறவி தெரிகிறது. தன்னை விரும்பித் துரத்திய இளவரசன் உதயகுமரன் யார் என்று தெரிகிறது. அதே நூலில் ஆபுத்திரன் கதை இன்னும் மேலே. மறுபிறவியில் சாவகத்திலிருந்து அரசனாக வந்து, அதே தீவு மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பையே பார்க்கிறான். பரணில் தகரப்பெட்டியெல்லாம் அதற்கு முன் எம்மாத்திரம்? பயணம், ரகசியம், கடல் எல்லாம் நம் கரையிலேயே நடந்திருக்கிறது.

மலையகத்தான்:
நம் கரை எங்கே வந்தது ஐயா? மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவு என்றுதானே பலரும் சொல்கிறார்கள்.

தொண்டி தமிழாசான்:
பலர் சொன்னால் ஆகிவிட்டதா? இந்த மன்னார் வளைகுடாவில் தீவுக்கா பஞ்சம்?

பாம்பன்காரன்:
மணிமேகலையை எழுதியவர் டிக்கெட் காட்டவில்லை, அதனால் அவரை விட்டுவிடுகிறேன். 1968-ல் கப்பல்?

மதுரைவாசகி:
அண்ணே, போன புத்தகத் திருவிழாவில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து "மைக் சரியில்லை" என்று கத்தியது நீங்கள்தானே? அன்றைக்கும் இதே கதைதான். நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மைக் மட்டும்தான்.

பாம்பன்காரன்:
மைக் சரியில்லைதான். பின்வரிசையில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே கப்பலைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

உப்புக்காற்று:
எனக்கு நன்றாகவே கேட்டது.

பாம்பன்காரன்:
நீ முன்வரிசையில் சுண்டல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் தம்பி.

மதுரைவாசகி:
நான் இந்த நாவலை இன்னும் பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுப்பேன். உங்களால் ஆனதைப் பாருங்கள்.

பாம்பன்காரன்:
கொடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் பென்சிலால் "ராமேசுவரம்" என்று திருத்திக் கொடுங்கள்.

தொண்டி தமிழாசான்:
மலையகத்தாருக்கு: நயினாதீவு என்பதற்கு நூலுக்குள்ளிருந்து சான்று காட்டவும். காத்திருக்கிறேன்.

மலையகத்தான்:
ஐயா, நான் பாட்டியைப் பற்றிப் பேச வந்தேன்.

கீழக்கரை மருமகள்:
பாம்பன் அண்ணே, என்னிடம் இரவல் வாங்கிப் போன பிரதியில்தானே இவ்வளவும் கண்டுபிடித்தீர்கள்? பென்சில் போட்டிருந்தால் ரப்பரால் அழித்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். மச்சினி கேட்கிறாள்.