தண்டையார்பேட்டை தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுகள்: ஒரிஜினல் சர்டிபிகேட், ரெனியூவல், 12 மணி நேர ஷிப்டு, சங்கம் – எதை முதலில் செய்வது?

கேள்வி – கொருக்குப்பேட்டை_நர்ஸ்

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் 80 பெட் உள்ள தனியார் ஆஸ்பத்திரி. ஸ்டாஃப் நர்ஸ் 34 பேர், அதில் 4 பேர் வார்டு இன்சார்ஜ். வேலைக்குச் சேரும்போது பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிப்ளமோ அல்லது டிகிரி, நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே ஹெச்.ஆர். வாங்கி வைத்துக்கொண்டது. ரசீது கிடையாது. இரண்டு வருஷ பாண்டு. நடுவில் நின்றால் 1 லட்சம். இப்போது மூன்று ஷிப்டை எடுத்துவிட்டு, அடுத்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து 12 மணி நேரமாக இரண்டே ஷிப்டு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். 9 பேருக்கு நாலு மாசத்தில் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் ரெனியூவல். இரண்டு பேர் வளைகுடா போக முயற்சி செய்கிறார்கள்.

34 பேரும் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டுவிட்டு, அதன் பிறகு சங்கம் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு. சரிதானா? இன்சார்ஜ் சிஸ்டர்கள் சங்கத்தில் சேரலாமா? சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், அதையும் சரிபார்க்க வேண்டும்.

பதில் – பெரம்பூர்_தோழர்

சிஸ்டர், அந்த ஒரே நாள் லீவு யோசனையை இன்னைக்கே விட்டுடுங்க. 2025 நவம்பர் 21-லேர்ந்து தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமல்ல இருக்கு. ஒரு நாள்ல பாதிப் பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து கேஷுவல் லீவு போட்டா அதுவும் ஸ்டிரைக்தான்னு அதுல வரையறை. ஸ்டிரைக்குன்னா 14 நாள் முன்னறிவிப்பு வேணும். அது இல்லாம 34 பேரும் லீவு போட்டா சட்டவிரோத ஸ்டிரைக்னு சார்ஜ் மெமோ கைக்கு வரும். நோயாளியை அம்போன்னு விட்டுட்டுப் போனாங்கன்னு பேரும் கெடும்.

உங்க கையில இருக்கிற நல்ல ஆயுதம் அந்த நோட்டீஸ் போர்டுக் காகிதம்தான். வேலை நேரத்தையோ ஷிப்டு முறையையோ மாத்தணும்னா பாதிக்கப்படுற தொழிலாளிக்கு 21 நாள் முன்னாடி முறையா நோட்டீஸ் கொடுக்கணும். பழைய தொழில் தகராறு சட்டத்துல 9ஏ பிரிவுல இருந்தது, புதுத் தொகுப்புலயும் அப்படியே இருக்கு. காகிதம் எந்தத் தேதி ஒட்டினாங்கன்னு தெரியற மாதிரி போட்டோ எடுத்து வையுங்க. ஒன்றாம் தேதிக்கு 21 நாள் இருக்கான்னு எண்ணுங்க. இல்லைன்னா அதுவே முதல் ஆட்சேபணை. இருந்தாலும் சும்மா இருக்க வேண்டாம், மாற்றத்தையே எதிர்த்து தகராறு எழுப்பலாம்.

இதுக்கு சங்கம் பதிவாகுற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. கணிசமான பேர் கையெழுத்துப் போட்ட மனு போதும். தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) கிட்ட கொடுக்கணும். எந்த ஏரியா எந்த அலுவலர்னு தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துல இருக்கிற தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துல கேட்டா சொல்லிடுவாங்க. ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போயி, உங்க பிரதியில சீலும் தேதியும் வாங்காம திரும்பாதீங்க.

இங்கேதான் நாள் கணக்கு முக்கியம். சமரசப் பேச்சு தொடங்கிட்டா, அது முடியற வரைக்கும் தகராறுல இருக்கிற விஷயத்துல வேலை நிபந்தனையைத் தொழிலாளிக்குப் பாதகமா மாத்தக் கூடாது. அதனால புது ஷிப்டு அமலாகுறதுக்கு முன்னாடியே சமரசம் தொடங்கியிருக்கணும். ஒன்றாம் தேதி தாண்டிட்டா, நடந்து முடிஞ்ச மாற்றத்தைத் திருப்பச் சொல்லிப் போராட வேண்டியிருக்கும், அது ரொம்பக் கஷ்டம். அதே சமயம் பேச்சு நடக்கும்போது ஸ்டிரைக் பண்ணினா அதுவும் சட்டவிரோதம், அதை எல்லாருக்கும் சொல்லிடுங்க.

மனுவுல 12 மணி நேரம்னு மட்டும் எழுதாதீங்க. வாரத்துக்கு எத்தனை நாள்னு எழுதுங்க. 4 நாள்னா 48 மணி. 6 நாள்னா 72 மணி, அதாவது வாரத்துக்கு 24 மணி ஓவர்டைம், அதுக்கு ரெட்டிப்புச் சம்பளம். நிர்வாகம் பெரும்பாலும் இந்த நாள் கணக்கைச் சொல்லாமலே நோட்டீஸ் போடும். ஷிப்டு மாறும்போது ஹேண்டோவருக்கு ஆகுற அரை மணி நேரத்தையும் சேர்த்து எழுதுங்க.

பதில் – ராயபுரம்_ஆர்என்ஆர்எம்

தோழர் சொன்ன தேதிக் கணக்கு சரி. ஆனால் அந்த மனு போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, நாளைக்கே செய்யுங்கள். ஒரிஜினல்களைக் கேட்டு ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். கூட்டு மனு போன பிறகு கேட்டால் ஹெச்.ஆர். இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ரெனியூவல் வருகிற 9 பேருக்கு உண்மையான, மறுக்க முடியாத காரணம் இருக்கிறது. முதலில் அவர்கள் கேட்கட்டும்.

சங்கத்தில் முன்னால் நிற்கப் போகிறவர்களுக்கு ரெனியூவல் ரொம்ப முக்கியம். பதிவு காலாவதியாகி வேலை செய்தால், சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே 'செல்லுபடியான பதிவு இல்லை' என்று ஒரு மெமோவில் வெளியே அனுப்பிவிடலாம். அந்தக் கதவை முதலில் மூடுங்கள்.

தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் சாந்தோம் நெடுஞ்சாலையில், ஜெயபிரகாஷ் நாராயணன் மாளிகையில் இருக்கிறது. ரெனியூவல் 5 வருஷத்துக்கு ஒரு முறை. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த கணக்கு அந்த 5 வருஷத்தில் 150 மணி நேர தொடர் நர்சிங் கல்வி. கடைசி மாசத்தில் அலைந்தால் சிக்கல் எங்கே வரும் தெரியுமா? பயிற்சிக்குப் போயிருப்பார்கள், சர்டிபிகேட் இருக்கும், ஆனால் அதில் கவுன்சில் ஒப்புதலோ கிரெடிட் நேரமோ (கணக்கில் சேரும் மணி நேரம்) இருக்காது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடத்தும் மாதாந்திர வகுப்பு பல இடங்களில் இப்படித்தான். இன்றே எடுத்துப் பாருங்கள். குறைந்தால் நாலு மாசம் இருக்கிறது, ஈடுகட்டலாம். தேசிய நர்ஸ் பதிவேட்டில் ஆதாரோடு இணைத்து தனி அடையாள எண் வாங்காதவர்கள் அதையும் இதோடு முடித்துவிடுங்கள். ஆதார் பெயரும் பதிவுப் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

ஒரிஜினல் கேட்கும் கடிதத்தில் 'என் சர்டிபிகேட்டுகள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். ஒவ்வொன்றின் பெயர், எண், வருஷம், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தது, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். நேரில் கொடுத்துக் கையெழுத்து கேளுங்கள். மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ஆஸ்பத்திரியின் அதிகாரப்பூர்வ ஈமெயிலுக்கும் போடுங்கள். ரசீது இல்லாத குறையை அந்தக் கடிதம்தான் அடைக்கும். 'உங்கள் ஒரிஜினல் பாண்டு முடிந்த பிறகு தரப்படும்' என்று ஒரு வரி பதில் வந்தால் போதும், வைத்திருப்பதை அவர்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கல்விச் சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கு அல்ல, ஒப்பந்தச் சட்டம் 171-ஆம் பிரிவின்படி அதை அடமானம் போலப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் 'இது சிவில் விவகாரம்' என்பார்கள், புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்குங்கள். வக்கீல் நோட்டீஸுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன், 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்காதீர்கள். ஹெச்.ஆர். அலமாரியில் இருப்பது தெரிந்தே அப்படி எழுதுவது பொய் வாக்குமூலம். நாளை ஆஸ்பத்திரி ஒரிஜினலை வெளியே எடுத்து நீட்டினால் பதிவுக்கே ஆபத்து.

பாண்டு தனி விஷயம், அதையும் சர்டிபிகேட்டையும் குழப்ப வேண்டாம். பாண்டு எல்லாமே செல்லாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் 2 லட்ச ரூபாய் பாண்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டும்தான்; 1 லட்சம் என்பது மேல்வரம்பு. பயிற்சிக்கு என்ன செலவு செய்தீர்கள், ஆள் எடுக்க எவ்வளவு ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நிர்வாகம். 20 மாசம் முடித்தவரிடமும் 2 மாசத்தில் போனவரிடமும் ஒரே 1 லட்சம் கேட்பது அந்த வாதத்தில் நிற்காது.

பதில் – திருவொற்றியூர்_பேரோல்

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி மட்டும்.

பே ஸ்லிப்பில் பிடித்தால் கட்டியதாக அர்த்தம் இல்லை. உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாசம் மாசமாகப் பாருங்கள். இரண்டுக்குமே கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாசம் 15. ஒரு மாசம் தள்ளிப் பதிவாவது சகஜம். மூன்று மாசம் இடைவெளி என்றால் எழுதிக் கேளுங்கள்.

இ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். முதலாளி பங்கையும் சேர்த்து 4 சதவீதமாக உங்கள் சம்பளத்தில் பிடித்திருந்தால் அது தவறு. உடம்பு சரியில்லாத நாளுக்கான 70 சதவீதப் பணம் வேண்டுமென்றால் அந்தப் பங்களிப்புக் காலத்தில், அதாவது ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச்சில், 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். நிர்வாகம் நாளைக் குறைத்துக் காட்டினால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுதான் தெரியவரும். அதனால் நாள் எண்ணிக்கையையும் பாருங்கள், தொகையை மட்டும் பார்க்காதீர்கள்.

சம்பள அளவு கேட்பதற்கு ஒரு ஆதாரம் இருக்கிறது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு அமைத்த குழு தனியார் நர்ஸ் சம்பளத்துக்கு அளவு வகுத்தது. 200 பெட்டுக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமம். 100 முதல் 200 வரை 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது. நீங்கள் 80 பெட். இது பரிந்துரை, நேரே வழக்குப் போட்டு வசூலிக்கும் உத்தரவு அல்ல. பேச்சு மேஜையில் வைக்கலாம். கட்டாயமாகக் கேட்கக்கூடியது தமிழ்நாட்டின் 'மருத்துவமனைகள் மற்றும் நர்சிங் ஹோம்கள்' குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை. அதன் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். பழைய பஞ்சப்படியிலேயே சம்பளம் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

கொருக்குப்பேட்டை_நர்ஸ்

ரொம்ப நன்றி. லீவு யோசனையை நிறுத்திவிட்டோம். வளைகுடா போகிற ஒருத்தருக்கு ரெஜிஸ்ட்ரேஷனில் அப்பா இனிஷியல், பாஸ்போர்ட்டில் கணவர் பெயர். இன்சார்ஜ் கேள்வியும் பாக்கி இருக்கிறது.

பதில் – ராயபுரம்_ஆர்என்ஆர்எம்

நம் ஊர் இனிஷியல் வழக்கத்தை, வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனம் புரிந்துகொள்ளாது. அப்பா இனிஷியலில் பத்தாவது மார்க் ஷீட், அதே பெயரில் கவுன்சில் பதிவு, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரோடு பாஸ்போர்ட் என்றால் இருவரும் வேறு ஆள் என்று திருப்பி அனுப்பும், கட்டிய கட்டணமும் போகும். பெயரை அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொண்டு கவுன்சில் பதிவையும் திருத்துவது ஒரு வழி. பாஸ்போர்ட்டை மார்க் ஷீட்டில் உள்ள பெயருக்கே கொண்டுவருவது இன்னொரு வழி. மற்ற எல்லாக் காகிதமும் ஒரே பெயரில் இருந்தால் இதுவே சுலபம். எதுவானாலும் சரிபார்ப்புக்கு அனுப்புவதற்கு முன் முடிக்க வேண்டும்.

அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வார்டு, பெட் எண்ணிக்கை நாலும் இருக்கட்டும். வளைகுடா நாடுகளும் அடங்கிய, குடியேற்றச் சோதனை தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்கு 2015 முதல் அரசு முகமைகள் வழியாகத்தான் போக முடியும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மண்ணடியிலோ பாரிமுனையிலோ லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் – பெரம்பூர்_தோழர்

இன்சார்ஜ் விஷயம். பதவிப் பேரை வச்சு முடிவு ஆகாது, செய்யுற வேலையை வச்சுத்தான். புதுத் தொகுப்புல மேற்பார்வை வேலையும் பார்த்து 18,000-க்கு மேல சம்பளமும் வாங்கினா தொழிலாளி இல்லை. ஆனா ஊசி போடுறது, டிரிப் மாத்துறது, ரவுண்ட்ஸ் போறதுன்னு முக்கிய வேலை நர்சிங்கா இருந்து, கூடவே டியூட்டி சார்ட் எழுதுறவங்களை மேற்பார்வையாளர்னு சொல்லிட முடியாது. லீவு அனுமதிக்கிறாங்களா, மெமோ கொடுக்கிறாங்களா, இதுதான் உரைகல். நாலு பேருக்கும் இப்ப கையில இருக்கிற வேலையைப் பட்டியலா எழுதி வையுங்க. சங்கம் வந்ததும் எல்லாருக்கும் திடீர்னு 'சூப்பர்வைசர்'னு புது ஆர்டர் கொடுக்கிறது பழைய தந்திரம்.

சங்கப் பதிவுக்கு 7 பேர் கையெழுத்து வேணும். மொத்தத் தொழிலாளிகள்ல 10 சதவீதமோ 100 பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினரா இருக்கணும், 7-க்குக் குறையக் கூடாது. நர்ஸ் மட்டும்னு எண்ணாதீங்க. லேப், வார்டு உதவியாளர், துப்புரவுத் தொழிலாளி எல்லாரும் அந்த மொத்தத்துல வருவாங்க. சரியா 7 பேரோட போயி, ஒருத்தர் வேலையை விட்டதும் விண்ணப்பம் நின்னு போறது சகஜம். 15 பேரோட போங்க. லேப், வார்டு, துப்புரவு ஆட்களையும் சேர்த்துக்கிட்டா இன்னும் நல்லது. ஆஸ்பத்திரியில ஒரே சங்கம்தான்னா அதோடதான் நிர்வாகம் பேசியாகணும். ரெண்டாச்சுன்னா 51 சதவீதம் காட்டணும்.

1918-ல சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது இதே பெரம்பூர் மில் தொழிலாளிகளாலதான். தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926, சென்னை மாகாண நர்ஸ் பதிவுச் சட்டமும் அதே 1926. சங்கப் பதிவு, நர்ஸ் பதிவு, ரெண்டு காகிதமும் உங்களுக்கு உரிமையானதுதான் சிஸ்டர்.

20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல குறைதீர் குழு கட்டாயம், நிர்வாகமும் தொழிலாளிகளும் சம எண்ணிக்கையில. இருக்கான்னு எழுதிக் கேளுங்க. டியூட்டி சார்ட்டை போட்டோ எடுக்கும்போது நோயாளி பேரோ கேஸ் ஷீட்டோ ஃபிரேம்ல வரக் கூடாது. அது ஒண்ணை வச்சே உங்க மேல நடவடிக்கை எடுக்கலாம். மனு எழுதினதும் பேர்களை மறைச்சுட்டு இங்க போடுங்க, கொடுக்கிறதுக்கு முன்னாடி வரி வரியா பார்த்துச் சொல்றேன்.