படித்து முடித்த பின்னும் விடாத புத்தகம்: உங்கள் அனுபவம் என்ன?

வடகரை:
அம்பேத்கரின் 'சாதியை அழித்தொழித்தல்' நூல் வந்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. 1936, லாகூர், பேச அழைத்தவர்களே உரையைப் படித்து மிரண்டு மாநாட்டைக் கைவிட்டது, அம்பேத்கர் தம் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டது, எல்லாம் தெரிந்ததுதான். என்னை உறுத்துவது வேறு. பெண் பார்க்கப் போன அன்று ரயிலில் அதைப் படித்துக்கொண்டு போனேன். கையோடு அவர்கள் வீட்டுக் கூடம் வரை வந்துவிட்டது. டீப்பாய் மேல் வைத்தேன். பெண்ணின் அப்பா அட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் வெற்றிலைத் தாம்பாளத்தை வைத்தார். ஜாதகம், சம்பளம், தாய்மாமன் ஊர் என்று பேச்சு போனது. நானும் கேசரி சாப்பிட்டேன். தாம்பாளத்தை நகர்த்தவில்லை. கிளம்பும்போது புத்தகத்தை எடுக்கவும் இல்லை.

பாத்திரக்கடை:
கேசரி நன்றாக இருந்ததா?

நியூஜெர்சிக்காரன்:
எனக்குத் தொக்வில். 1831இல் சிறைகளைப் பார்வையிடுகிறேன் என்று அமெரிக்கா வந்து, ஒன்பது மாதம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன பிரெஞ்சு இளைஞர். 'அமெரிக்காவில் ஜனநாயகம்' நூலில், பொதுமக்களே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையைப் பற்றி எழுதும்போது, அது எப்போதும் திறந்திருக்கும் இலவசப் பள்ளிக்கூடம் என்கிறார். வழக்காடுபவருக்கு அதனால் நன்மையோ இல்லையோ, தீர்ப்புச் சொல்ல உட்காருபவருக்கு நல்ல படிப்பு என்பது அவர் கணக்கு. குடியுரிமை வாங்கிய மறு வருடமே எனக்கும் அழைப்பு வந்தது. சிறிய திருட்டு வழக்கு. இரண்டு நாள் கவனமாகத்தான் கேட்டேன். உள்ளறையில் கை தூக்கச் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சுற்றிப் பார்த்தேன், எல்லாக் கையும் மேலே. நானும் தூக்கினேன். தொக்வில்லின் பள்ளிக்கூடத்தில் நான் பக்கத்துப் பையனைப் பார்த்துக் காப்பியடித்துத் தேறியவன்.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
நியூஜெர்சி நண்பர் தம்மை நொந்துகொள்ளட்டும், அதற்காக ஜூரி முறையைப் புனிதமாக்க வேண்டாம். 1959இல் பம்பாயில் நானாவதி வழக்கு. மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரியை 8-க்கு 1 என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று விட்டது ஜூரி. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது.

இளைஞர்களுக்கு ஒன்று. அரசியலமைப்பைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் எல்லோரும் அமெரிக்க வரலாற்றாசிரியர் கிரான்வில் ஆஸ்டினின் 1966ஆம் ஆண்டு நூலை நீட்டுவார்கள். நல்ல நூல்தான், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் அரசியல் நிர்ணய சபை விவாதங்கள். 165 நாள் அமர்வையும் படிக்கச் சொல்லவில்லை. 1948 நவம்பர் 4 அன்று வரைவை முன்வைத்து அம்பேத்கர் பேசியதைப் படியுங்கள். ஜனநாயகம் என்பது இந்திய மண்ணுக்கு வெறும் மேலுரம் என்று அங்கேதான் சொல்கிறார். அடுத்து 1949 நவம்பர் 25 அன்று அவர் ஆற்றிய நிறைவுரை. பிறகு ஆஸ்டினிடம் போனால் அவர் எங்கே அவசரப்படுகிறார் என்பது உங்களுக்கே தெரியும். படுத்துக்கொண்டு படிக்காதீர்கள். பென்சில் வைத்துக்கொள்ளுங்கள், பேனா கூடாது. இரவல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். என் அனுபவம்: ஆஸ்டினை அலுவலக நேரத்தில் படித்து மெமோ வாங்கினேன்.

நெல்லை ஆசிரியர்:
ஜாரெட் டைமண்டின் 'துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு'. பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் முடிந்து பதினைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. உற்சாகத்தில் கஹமார்க்கா கதையை எடுத்துவிட்டேன். 1532இல் பெரு நாட்டில், ஸ்பானியத் தளபதி பிசாரோவின் 168 பேர், எதிரே இன்கா மன்னர் அதஹுவால்பாவின் பெரும்படை, ஒரே மாலையில் மன்னர் கைதி. குதிரை, இரும்பு, அம்மை நோய் என்று பலகையில் எழுதி, வளர்க்கத் தகுந்த விலங்கும் பயிரும் எந்தக் கண்டத்தில் கிடைத்தன என்பதுதான் வேர், எந்த மக்களும் பிறவியில் மட்டமில்லை என்று முடித்தேன். கடைசி பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள். "அப்படியானால் கொன்றவர்கள் மேல் தப்பில்லையா சார்? எல்லாம் குதிரை மேலா?"

சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றேன். மணி அடித்தது. அவ்வளவு நிம்மதியாக ஒரு மணியை நான் கேட்டதில்லை.

பாத்திரக்கடை:
அவளுக்கு நாடுகள் ஏன் ஏழையாகின்றன என்று கேட்கும் அசெமோக்லு, ராபின்சன் இருவரின் 2012ஆம் ஆண்டு நூலைக் கொடுத்திருக்கலாம். நொகாலஸ் என்று ஒரே ஊர், நடுவே வேலி. இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் மெக்சிகோ. நிலமும் வெயிலும் ஒன்று, வாழ்க்கை வேறு. குதிரை தப்பித்தது, அரசும் சட்டமும் மாட்டிக்கொண்டன.

நெல்லை ஆசிரியர்:
அவள் கேட்டது நாடு ஏன் ஏழையானது என்றல்ல ஐயா. கொன்றவனைப் பற்றி.

வடகரை:
கல்யாணம் நடந்ததா என்று கேட்டுச் செய்தி அனுப்பிய மூவருக்கும்: நடந்தது. கேசரியில் சர்க்கரை அதிகம். நிச்சயதார்த்தத்தன்று புத்தகம் திரும்பி வந்தது, பள்ளிக்கூட நோட்டைப் போலப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு. அட்டை போட்டது அப்பாவா மகளா என்று கேட்டால் இவள் இன்றுவரை சிரிக்கிறாளே தவிர, பதில் வருவதில்லை. ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் பிரித்துப் பார்த்தேன். சாதிக்கு உண்மையான மருந்து கலப்பு மணம்தான் என்று அம்பேத்கர் சொல்லும் இடத்தில் ஓரமாக ஒரு பென்சில் கோடு. நான் போட்டதல்ல.